கொல்கத்தாவில் ஒரு பழைய வீடு: கைவைக்குமுன் அறிய வேண்டியவை

1928 பிப்ரவரி 28 அன்று சி.வி.ராமனும் கே.எஸ்.கிருஷ்ணனும் ஒளிச்சிதறலின் புதிய விளைவைக் கண்டறிந்த இடம், கொல்கத்தா பௌபஜார் தெரு 210ஆம் எண்ணில் இருந்த இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகம். இன்று அந்த முகவரியைத் தேடிப் போகும் தமிழர்கள் ஏமாந்து திரும்புவார்கள். தெருவின் பெயர் பிபின் பிஹாரி கங்குலி தெரு என்று மாறிவிட்டது. கழகம் ஜாதவ்பூருக்குப் போய்விட்டது. பழைய கட்டடம் இல்லை. அதே 210ஆம் எண்ணில் கோயங்கா வணிகவியல் கல்லூரி நிற்கிறது. நோபல் பரிசு தந்த கட்டடத்துக்கே இந்தக் கதி என்றால், நீங்களும் நானும் குடியிருக்கும் பெயர் தெரியாத பழைய வீடுகளுக்கு யார் பொறுப்பு?

அவற்றின் உரிமையாளர்தான். அந்தப் பொறுப்பை ஏற்க முன்வருகிறவர்களுக்காக எழுதியது இந்த அத்தியாயம். லேக் மார்க்கெட் பக்கம் தாத்தா காலத்து வீட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பவானிப்பூரிலோ வடக்குக் கொல்கத்தாவிலோ பழைய வீடு வாங்க நினைப்பவர்களும் உண்டு. இரு சாராருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் வீட்டை ஆராயுங்கள், பிறகு கொத்தனாரை அழையுங்கள். வீட்டின் வரலாற்றைத் தேடுவது ஓய்வு நேரப் பொழுதுபோக்கு அல்ல. தவறான பத்திரத்திலிருந்தும், தவறான பழுதுபார்ப்பிலிருந்தும், அவசர விற்பனையிலிருந்தும் உங்களைக் காப்பது அந்தத் தேடல்தான்.

உங்கள் வீடு எந்தக் கொல்கத்தாவைச் சேர்ந்தது?

கொல்கத்தாவின் பழைய வீடுகளைப் பொதுவாக மூன்று வகையாகப் பார்க்கலாம்.

முதல் வகை, வடக்கில் சித்பூர் சாலையைச் சுற்றி எழுந்த பெருங்குடும்பங்களின் மாளிகைகள். ஷோபாபஜார் ராஜபாரி, ஜோராசாங்கோ தாகூர் இல்லம், 1835இல் ராஜேந்திர மல்லிக் கட்டிய மார்பிள் பேலஸ் ஆகியவை பெயர் பெற்றவை. நடுவில் முற்றம், முற்றத்தின் ஒரு பக்கம் வளைவுகளோடு கூடிய பூஜை மண்டபமான தாக்குர்தாலான், ஆண்கள் புழங்கிய வெளிக்கட்டு, பெண்களின் உள்கட்டு என்பது இவற்றின் அமைப்பு. செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

இரண்டாம் வகை, அதே வடக்கிலும் நடுவிலும் குறுகிய சந்துகளில் நெருங்கி நிற்கும் நடுத்தரக் குடும்பத்து வீடுகள். தெருவைப் பார்த்த திண்ணையை இங்கே ரோவாக் அல்லது ரோக் என்பார்கள். பச்சை வண்ணம் பூசிய சாய்பலகைச் சன்னல் கரகரி. மொட்டை மாடியில் ஒற்றை அறை சிலேகோட்டா.

மூன்றாம் வகை, தெற்கில் 1920களிலிருந்து 1940கள் வரை எழுந்தவை. 1912இல் செயல்படத் தொடங்கிய கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை ராஷ்பிஹாரி அவென்யூ, சதர்ன் அவென்யூ போன்ற சாலைகளைப் போட்டு, தாக்குரியா ஏரியை வெட்டி, மனைகளைப் பிரித்து விற்றது. தமிழர்கள் பெருமளவில் குடியேறியது இந்தப் பகுதியில்தான். அரைவட்ட பால்கனி, சூரியக்கதிர் வடிவ இரும்புக் கிராதி, கறுப்புக் கரை போட்ட சிவப்புத் தரை ஆகியவை இவ்வீடுகளின் அடையாளங்கள்.

முதல் வகைக்குப் புகழ் இருக்கிறது. மற்ற இரண்டு வகைகள்தாம் நாள்தோறும் இடிபடுகின்றன. எழுத்தாளர் அமித் சௌதுரி 2015இல் தொடங்கிய கல்கத்தா கட்டடக்கலை மரபு இயக்கம் இவற்றுக்காகத்தான் குரல் கொடுத்தது. பெரிய மனிதர் யாரும் பிறக்காத, புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் யாரும் வரையாத சாதாரண வீடுகள் வரிசையாக நிற்பதுதான் இந்த நகரத்தின் முகம் என்பது அவர்களின் வாதம். நானும் அப்படியே நம்புகிறேன்.

முதல் படி: எண்ணும் தெருவும்

தேடலை வீட்டு எண்ணிலிருந்து தொடங்குங்கள். கொல்கத்தாவில் இதைப் பிரெமிசஸ் எண் என்பார்கள். 12/1, 12/1ஏ என்று கோடும் எழுத்தும் சேர்ந்த எண் பெரும்பாலும் ஒரு காலத்தில் 12 என்ற ஒரே மனையாக இருந்து பாகம் பிரிந்ததைக் காட்டும். அப்படியானால் உங்கள் வீட்டின் கதை 12ஆம் எண்ணின் கதைக்குள் இருக்கிறது. பக்கத்து வீடுகளின் பத்திரங்களும் உங்களுக்குப் பயன்படும். தெற்கில் ‘பி’ என்ற எழுத்தோடு தொடங்கும் எண் பெரும்பாலும் மேம்பாட்டு அறக்கட்டளை பிரித்த மனையின் எண்.

அடுத்து, தெருவின் பழைய பெயர். பழைய ஆவணங்களில் இன்றைய பெயர் இருக்காது. சித்பூர் சாலை இப்போது ரவீந்திர சரணி. ஹாரிசன் சாலை மகாத்மா காந்தி சாலை. கார்ன்வாலிஸ் தெரு பிதான் சரணி. அம்ஹர்ஸ்ட் தெரு ராஜா ராம்மோகன் சரணி. தர்மதலா தெரு லெனின் சரணி. லான்ஸ்டவுன் சாலை சரத் போஸ் சாலை. எல்கின் சாலை லாலா லஜபதி ராய் சரணி. இரண்டு பெயர்களையும் குறித்துக்கொண்டு தேடாவிட்டால் பாதி ஆவணங்கள் கண்ணில் படாது.

இதற்குப் பெருந்துணை, பி.தங்கப்பன் நாயர் ஆங்கிலத்தில் எழுதி 1987இல் வெளிவந்த கல்கத்தா தெருக்களின் வரலாற்று நூல். கேரளத்திலிருந்து 1955இல் வேலை தேடி வந்து, பவானிப்பூரில் சிறு வீட்டில் வாழ்ந்து, நடந்தே நகரத்தை ஆராய்ந்தவர் அவர். 2024இல் மறைந்தார். அவர் சேர்த்த நூல்களை டவுன் ஹால் நூலகத்துக்காக மாநகராட்சி வாங்கியது. ஒரு தெருவின் பெயர் எப்போது, ஏன் மாறியது என்பதில் ஐயம் வந்தால் முதலில் இவர் நூலைப் பாருங்கள்.

இரண்டாம் படி: மாநகராட்சி அலுவலகம்

கொல்கத்தா மாநகராட்சியில் 144 வார்டுகள், 16 பரோக்கள் (மண்டலங்கள்). உங்கள் வார்டு எண்ணும் சொத்துவரி ரசீதிலுள்ள அசெஸ்ஸி எண்ணும் கையில் இருந்தால் வரிமதிப்பீட்டுத் துறையில் ‘இன்ஸ்பெக்‌ஷன் புக்’ நகலுக்கு விண்ணப்பிக்கலாம். வரி யார் பெயரில் இருந்தது, எப்போது பெயர் மாறியது, மதிப்பீடு எப்போது உயர்ந்தது என்ற விவரங்கள் அதில் வரும். மதிப்பீடு திடீரென உயர்ந்த ஆண்டு, பெரும்பாலும் ஒரு மாடியோ புதிய கட்டோ சேர்ந்த ஆண்டாக இருக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: வரி ரசீதில் பெயர் இருப்பது உரிமைக்குச் சான்று ஆகாது, அது உரிமையைத் தேடுவதற்கான துப்பு மட்டுமே.

அங்கேயே பார்க்க வேண்டிய இன்னொன்று, பாரம்பரியக் கட்டடங்களின் தரப்பட்டியல். 1980ஆம் ஆண்டு கொல்கத்தா மாநகராட்சிச் சட்டத்தில் பாரம்பரியக் கட்டடங்களுக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. அதன்படி அமைந்த பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் அனுமதியின்றிப் பட்டியலில் உள்ள கட்டடத்தை மாற்றவோ இடிக்கவோ முடியாது. பட்டியலில் நான்கு தரங்கள்:

தரம் 1: வெளித்தோற்றத்தில் எந்த மாற்றமும் கூடாது. கட்டடத்தின் பயன்பாடும் அதன் தன்மைக்கு ஒத்திருக்க வேண்டும்.

தரம் 2-ஏ: ஏறக்குறைய அதே கண்டிப்பு. கட்டடத்தோடு பொருந்தும் மாற்றங்களை மட்டும் குழு பரிசீலிக்கும்.

தரம் 2-பி: மனைக்குள் புதிய கட்டடத்துக்கு இடம் உண்டு. அது பழைய கட்டடத்தின் சூழலோடு இசைய வேண்டும்.

தரம் 3: கட்டமைப்பு மாற்றத்துக்கும் புதிய கட்டடத்துக்கும் வழி உண்டு. அந்த இடத்தின் சிறப்பைச் சொல்லும் பலகை வைக்க வேண்டும்.

தரம் என்பது நிரந்தரக் காப்பு அல்ல என்பதையும் உரிமையாளர்கள் அறிய வேண்டும். லிட்டில் ரஸ்ஸல் தெருவிலிருந்த பழைய கெனில்வொர்த் ஹோட்டல் கட்டடம் 2-ஏ தரத்திலிருந்து 3ஆம் தரத்துக்கு இறக்கப்பட்டு, பெரும் எதிர்ப்புக்கிடையே இடிக்கப்பட்டது. தரம் இறங்குவது காகிதத்தில் நடக்கும் காரியம். அதை எதிர்க்கவும் காகிதம்தான் வேண்டும்: கட்டிய ஆண்டு, வாழ்ந்தவர்கள், கட்டடக்கலைச் சிறப்பு ஆகியவற்றுக்கான ஆதாரம். உங்கள் வீடு பட்டியலில் இல்லையென்றால், அதைச் சேர்க்கக் கோருவதற்கும் அதே ஆதாரம்தான் தேவை.

பட்டியலில் சேர்ந்தால் வீட்டை விற்கவே முடியாது என்று பலர் அஞ்சுகிறார்கள். அது தவறு. உரிமை உங்களிடமே இருக்கும். விற்கலாம், வாடகைக்கு விடலாம், குழுவின் அனுமதியோடு பயன்பாட்டையும் மாற்றலாம். பாரம்பரியக் கட்டடத்துக்கு வரியிலும் கட்டணங்களிலும் முழுமையாகவோ ஓரளவோ விலக்கு அளிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதைக் கேட்டு எழுதுங்கள், கேட்காமல் வராது.

மூன்றாம் படி: பத்திரம்

தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்று வாங்கிப் பார்ப்பது நமக்குப் பழக்கம். கொல்கத்தாவில் வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு பதிவு அலுவலகத்தின் குறியீட்டுப் புத்தகங்களில் தேடல் நடத்தி அறிக்கை வாங்குவதே நடைமுறை. நகரத்தின் பழைய பத்திரங்களுக்கு கவர்ன்மென்ட் பிளேஸ் நார்த்தில் உள்ள ரெஜிஸ்ட்ரார் ஆஃப் அஷ்யூரன்சஸ் அலுவலகம் முக்கியமானது. குறியீடு 1 ஆட்களின் பெயர்வாரி, குறியீடு 2 சொத்துவாரி. இரண்டிலும் தேடச் சொல்லுங்கள். சொத்துவாரித் தேடலில் தெருவின் பழைய பெயரையும், பாகம் பிரியுமுன் இருந்த எண்ணையும் கொடுக்க மறக்காதீர்கள். வீட்டுக்கடன் தரும் வங்கி கேட்கும் ஆண்டுகளோடு நின்றுவிடாமல், தாய்ப்பத்திரம் கிடைக்கும் வரை பின்னோக்கிப் போகச் சொல்லுங்கள்.

பத்திரத்தைப் படிக்கச் சில அளவுகள் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கட்டா 720 சதுர அடி. ஒரு கட்டாவுக்கு 16 சடாக். ஒரு சடாக் 45 சதுர அடி. 20 கட்டா ஒரு பிகா. சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதாவது மூன்றே கால் கட்டாவுக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு பத்திரத்திலும் கட்டா, சடாக் கணக்கையும் நான்கு எல்லைகளையும் எடுத்து அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். எந்த விற்பனையில் எத்தனை சடாக் குறைந்தது, பக்கத்து மனைக்காரர் யார், எந்தச் சந்து அப்போது இல்லை என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

ஆண்டுக் கணக்கிலும் கவனம் வேண்டும். வங்காள மொழிப் பத்திரங்களும் முகப்பில் பொறித்த கல்வெட்டுகளும் வங்காள ஆண்டைத் தரும். அதோடு 593 கூட்டினால் ஆங்கில ஆண்டு. மார்கழி நடுவிலிருந்து பங்குனி முடியும் வரையான நாட்களுக்கு 594. வங்காளப் புத்தாண்டும் நம் சித்திரையை ஒட்டியே பிறப்பதால் நமக்கு இந்தக் கணக்கு எளிது. முகப்பில் 1315 என்று இருந்தால் வீடு 1908-09இல் முடிந்தது.

நான்காம் படி: யாருக்கெல்லாம் பங்கு?

கொல்கத்தாவின் பழைய வீடுகள் அழிவதற்கு மழையைவிடப் பங்காளித் தகராறு பெரிய காரணம். அதன் வேர் சட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வழங்கியது மிதாட்சரம். அதில் மகனுக்குப் பிறப்பிலேயே பூர்வீகச் சொத்தில் உரிமை. வங்காளத்தில் வழங்கியது ஜீமூதவாகனரின் தாயபாகம். தந்தை உயிரோடு இருக்கும்வரை சொத்து முழுதும் அவருடையது. அவர் இறந்ததும் ஒவ்வொரு வாரிசுக்கும் திட்டமான பங்கு வரும். மகன் இல்லாதவரின் மனைவிக்கும் பங்கு உண்டு. ஆண் வாரிசு தன் பங்கைத் தனியே விற்கலாம், உயில் எழுதலாம். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பின்னர் நிலைமையை மாற்றினாலும், அதற்கு முந்தைய மரணங்கள் ஒவ்வொன்றையும் தாயபாகப்படியே கணக்கிட வேண்டும். நான்கு தலைமுறையில் ஒரு வீட்டுக்கு நாற்பது ஷரிக்குகள் வருவது இப்படித்தான். இங்கே பங்காளியை ஷரிக் என்றே சொல்வார்கள்.

இது என்ன பாடு படுத்தும் என்பதற்கு கௌர்மோகன் முகர்ஜி தெரு 3ஆம் எண் வீடே சாட்சி. விவேகானந்தர் பிறந்த வீடு அது. 1884இல் தந்தை விசுவநாத தத்தர் இறந்த பிறகு, குடும்பத்துக்குள்ளேயே பங்குக்காக உயர் நீதிமன்றம்வரை வழக்கு நடந்தது. துறவியான பிறகும் தாயாருக்காக அந்த வழக்குக் கவலை விவேகானந்தரை விடவில்லை. பின்னாளில் அந்த வீட்டில் பல குடும்பங்களும் கடைகளும் நிறைந்தன. ராமகிருஷ்ண மிஷன் அவர்களோடு பேசி, மாற்றிடம் தந்து, வீட்டைப் பெற்றுப் புதுப்பிக்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 2004இல், அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது, அது நினைவில்லமாகத் திறக்கப்பட்டது. பொறுமையும் ஆவணமும் சேர்ந்தால் எவ்வளவு சிக்கலான வீட்டையும் மீட்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

குடும்ப மரம் ஒன்றை வரையுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் இறந்த ஆண்டு, வாரிசுகள், உயில் இருந்ததா என்பதைக் குறியுங்கள். பெண்மக்களையும் விதவைகளையும் விட்டுவிடாதீர்கள். பிற்காலத்தில் வழக்குகள் அங்கிருந்துதான் கிளம்பும்.

உயர் நீதிமன்றத்தில் தேடுங்கள். கல்கத்தா, சென்னை, பம்பாய் மாநகரங்களில் இந்துக்களின் உயில்களுக்கு நீதிமன்ற மெய்ப்பிப்பு நீண்ட காலம் கட்டாயமாக இருந்தது. அதனால் பழைய உயில்களும் சொத்துப் பட்டியல்களும் நீதிமன்றப் பதிவறையில் இருக்கின்றன. பாகப்பிரிவினை வழக்கு நடந்திருந்தால் ஆணையர் வரைந்த வீட்டு வரைபடமும் கிடைக்கலாம். வீட்டின் மிகப் பழைய, துல்லியமான வரைபடம் அதுவாகவே இருக்கக்கூடும்.

தேவோத்தரமா என்று பாருங்கள். குலதெய்வத்துக்கு எழுதிவைத்த சொத்து தெய்வத்தின் பெயரில் இருக்கும். அதை நிர்வகிப்பவர் சேபாயத். வரிப் பதிவில் ‘ஸ்ரீ ஸ்ரீ ஈஸ்வர்’ என்று தொடங்கும் பெயர் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். தக்க காரணமும் நீதிமன்ற அனுமதியும் இல்லாமல் சேபாயத் விற்றது செல்லாமல் போகலாம்.

டிக்கா நிலமா என்று கேளுங்கள். பழைய குத்தகை நிலங்களில் கட்டடம் ஒருவருடையது, நிலம் வேறொருவருடையதாக இருந்தது. 1981ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய நிலங்களை அரசுக்கு மாற்றியது. அங்கே நீங்கள் வாங்குவது சுவர்களை மட்டுமே.

வாடகைதாரர்களைப் பற்றி விசாரியுங்கள். அவர்களின் உரிமை 1997ஆம் ஆண்டு மேற்கு வங்க வாடகைச் சட்டத்தின் கீழ் வரும். வாடகையை உரிமையாளரிடம் தராமல் ரென்ட் கன்ட்ரோலரிடம் கட்டுகிறார்களா என்று கேட்டால் பழைய தகராறுகள் வெளிவரும்.

ஒரு ஷரிக்கிடம் மட்டும் வாங்குகிறவருக்குக் கிடைப்பது அவருடைய பங்கு மட்டுமே. பிரியாத குடும்ப வீட்டில் வெளியார் பங்கு வாங்கிப் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், அந்தப் பங்கை நீதிமன்ற மதிப்பில் திரும்ப வாங்கிக்கொள்ள 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் குடும்பத்தாருக்கு வழி தருகிறது. அதேபோல், பங்குகள் முழுதும் தெளிவாகுமுன் எந்த ப்ரோமோட்டருக்கும் (வீட்டை இடித்து அடுக்ககம் கட்டுபவர்) பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தராதீர்கள்.

ஐந்தாம் படி: வரைபடமும் நூலகமும்

பத்திரம் உரிமையைச் சொல்லும். வாழ்ந்தவர்களை அது சொல்வதில்லை. அதற்கு நூலகத்துக்குப் போக வேண்டும்.

1790களில் அப்ஜான் வரைந்த வரைபடம், 1840களின் இறுதியில் சிம்ஸ் நடத்திய அளவை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்மார்ட் நடத்திய அளவை என்ற மூன்றையும் ஒப்பிட்டால் உங்கள் மனை குளமாக இருந்ததா, தோட்டமாக இருந்ததா, எப்போது கட்டடம் எழுந்தது என்று கண்டுகொள்ளலாம். குளம் தூர்த்த மனை என்று தெரிந்தால் அது வரலாறு மட்டுமல்ல. அடித்தளத்தைப் பற்றிய எச்சரிக்கையும்கூட.

தாக்கர் ஸ்பிங்க் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வெளியிட்ட முகவரித் தொகுப்புகள் தெருவாரியாக, எண்வாரியாகக் குடியிருந்தவரின் பெயரையும் தொழிலையும் தருகின்றன. வங்காள மொழியில் பி.எம்.பாக்சியின் தொகுப்பு உண்டு. 1924இல் தொடங்கிய கல்கத்தா முனிசிபல் கெஜட்டில் தெருப்பெயர் மாற்றங்களும் நகர மேம்பாட்டுச் செய்திகளும் உள்ளன. எண்கள் இடையில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் பக்கத்து வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்துச் சரிபாருங்கள்.

போக வேண்டிய இடங்கள்: அலிப்பூர் பெல்வெடியரில் உள்ள தேசிய நூலகம், மேற்கு வங்க மாநில ஆவணக் காப்பகம், பார்க் தெரு ஏஷியாட்டிக் சொசைட்டி, லேக் டெரஸ் 10ஆம் எண்ணில் வரலாற்றாசிரியர் ஜதுநாத் சர்க்காரின் வீட்டில் இயங்கும் ஜதுநாத் பவன். லேக் மார்க்கெட்காரர்களுக்குக் கடைசி இடம் நடக்கும் தூரம்.

பிறகு, பாடாவில், அதாவது அக்கம்பக்கத்தில், விசாரியுங்கள். தெருமுனை மளிகைக்கடைக்காரர், பூஜைக் கமிட்டியின் பழைய செயலாளர், எதிர்வீட்டு மாஷிமா (பெரியம்மா) ஆகியோருக்குத் தெரிந்ததை எந்தப் பதிவறையும் சொல்லாது. ‘உங்கள் வீட்டுக்கு முதலில் கரண்ட் எப்போது வந்தது? 1947இல் இங்கே யார் போனார்கள், யார் வந்தார்கள்?’ என்று குறிப்பாகக் கேளுங்கள். பிரிவினையின்போது கிழக்கு வங்கத்துச் சொத்துக்கும் கொல்கத்தாச் சொத்துக்கும் பரிமாற்றப் பத்திரங்கள் எழுதப்பட்டன; பத்திரச் சங்கிலியில் விட்டுப்போன கண்ணி அங்கே கிடைக்கலாம்.

ஆறாம் படி: சுவரைப் படிப்பது

காகிதம் கிடைக்காத இடத்தில் கட்டடமே காலத்தைச் சொல்லும். மேற்கூரையைப் பாருங்கள். தடித்த மர உத்திரமும் அதன்மேல் நெருங்கிய குறுக்குக்கட்டைகளும் இருந்தால் அது கடிபர்கா கூரை, பழைய முறை. உத்திரம் இரும்பாக இருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது அதற்குப் பின். இரும்பில் பொறித்த பெயரை டார்ச் அடித்துப் பாருங்கள். டார்மன் லாங் என்று இருந்தால் இங்கிலாந்திலிருந்து வந்தது. அந்த நிறுவனம் 1875இல் தொடங்கியது. டாட்டா என்றிருந்தால் 1912க்கு முந்தியதாக இருக்க முடியாது, ஜாம்ஷெட்பூர் எஃகு வெளிவந்தது அந்த ஆண்டில்தான். கம்பி கட்டிய கான்கிரீட் தளமாக இருந்தால் பெரும்பாலும் 1920களுக்குப் பின்.

ஆனால் ஒரே வீட்டில் மூன்று காலமும் இருக்கும். கீழ்த்தளம் மர உத்திரம், மேல்தளம் இரும்பு, பின்கட்டு கான்கிரீட் என்று வளர்ந்த வீடுகளே அதிகம். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாகக் குறிப்பு எழுதுங்கள்.

பழுதுபார்ப்பு: எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது

இந்த வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் சேர்ந்தது. மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு மெல்ல வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொடிந்து உதிரும். இங்கே இதை நோனா பிடித்தல் என்பார்கள். உப்புப் பூத்த பூச்சை உரித்து, சுவரை உலரவிட்டு, சுண்ணாம்புச் சுர்க்கிக் கலவையையே பூசுங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள். பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம்.

மொட்டை மாடியின் ஜல்சாத், செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, சுர்க்கி கலந்து நாட்கணக்கில் தட்டிப் போட்ட தளம். சென்னையின் மெட்ராஸ் டெரஸுக்கு உறவு. நாம் கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பது போல இங்கே வெல்லப்பாகும் வெந்தய நீரும் சேர்ப்பார்கள். ஒழுகினால் வெடித்த பகுதியை மட்டும் எடுத்துத் திரும்பப் போடுங்கள். தளத்தின்மேல் தளமாக சிமென்ட் கொட்டினால் கூரையின் எடை கூடி, உத்திரம் வளையும். புதிய தண்ணீர்த் தொட்டியை அறையின் நடுவில் வைக்காமல் தடித்த சுவரின்மேல் வையுங்கள்.

மர உத்திரத்தின் நடுப்பகுதி உறுதியாக இருக்கும். சுவருக்குள் போகும் நுனிதான் மக்கும். கூரான ஆணியால் நுனியைக் குத்திச் சோதியுங்கள். நுனி மட்டும் கெட்டிருந்தால் இரும்புத் தாங்கி கொடுத்துக் காப்பாற்றலாம். முழு உத்திரத்தையும் எடுக்கத் தேவையில்லை.

கார்னிஸில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள்; செங்கல்லும் சேர்ந்து வரும். தண்டை வெட்டி, வேரைக் கொன்று, பிறகு பிரித்தெடுத்து, குழியைச் சுண்ணாம்புக் கலவையால் அடையுங்கள். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் இதைச் செய்தால் பெருஞ்செலவு வராது.

மின்கம்பியை மட்டும் தயங்காமல் முழுவதும் மாற்றுங்கள். பார்க் தெருவின் ஸ்டீபன் கோர்ட் பழைய கட்டடத்தில் 2010 மார்ச்சில் மூண்ட தீயில் 43 பேர் இறந்தார்கள். பழமையைக் காப்பது என்பது பழைய ஆபத்தைக் காப்பது ஆகாது.

பக்கத்து மனையில் ஆழமாகத் தோண்டத் தொடங்கினால் உடனே உங்கள் வீட்டின் எல்லா விரிசல்களையும் தேதியோடு படம் எடுங்கள். விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை ஒட்டிவையுங்கள். அது உடைந்தால் சுவர் அசைகிறது என்று பொருள். கொல்கத்தா நிற்பது ஆற்றுப்படிவ மண்ணில். 2019 ஆகஸ்ட் இறுதியில் கிழக்கு-மேற்கு மெட்ரோவின் சுரங்கம் தோண்டும் எந்திரம் பௌபஜாரில் நிலத்தடி நீர்ப்படுகையைத் தொட்டபோது, துர்கா பிதுரி லேன், ஷ்யாக்ரா பாடா லேன் பகுதிகளில் தலைமுறைகள் வாழ்ந்த வீடுகள் விரிசல் விட்டும் இடிந்தும் போயின. மக்கள் கையில் கிடைத்ததோடு வெளியேறினார்கள். அத்தகைய நேரத்தில் இழப்பீடு கேட்க, வீடு முன்பு எப்படி இருந்தது என்பதற்குப் படமும் அளவும் வேண்டும்.

வீட்டுக் கோப்பு

மேலே சொன்ன தேடலெல்லாம் ஒரு கோப்பில் சேர வேண்டும். அதில் இருக்க வேண்டியவை:

1. வீட்டு எண், பழைய எண்கள், தெருவின் பழைய பெயர்கள்.
2. பத்திரங்களின் சான்றிட்ட நகல்கள், ஆண்டு வரிசையில்.
3. குடும்ப மரமும் ஒவ்வொருவரின் பங்கும்.
4. மாநகராட்சிப் பதிவு நகல், வரி ரசீதுகள், தரப்பட்டியலில் உள்ள நிலை.
5. வரைபடங்களின் நகல்கள், முகவரித் தொகுப்பில் கிடைத்த பெயர்கள்.
6. அறைவாரியாக அளவு, கட்டுமானக் குறிப்பு, புகைப்படம்.
7. செய்த பழுதுபார்ப்பு, பயன்படுத்திய கலவை, செலவு, தேதி.
8. பெரியவர்களிடம் கேட்டுப் பதிந்தவை.

இதன் மூன்று நகல்கள் எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வெளியூரிலுள்ள உறவினரிடம், ஒன்று உங்கள் வழக்கறிஞரிடம் இருக்கட்டும்.

வீட்டைக் காப்பதா, விற்பதா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. வயதும் பணமும் உடல்நிலையும் அதைத் தீர்மானிக்கும். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அறியாமல் விற்பதும் அறியாமல் இடிப்பதும் தவறு. ஜோராசாங்கோவில் தாகூர் குடும்பத்தின் 5ஆம் எண் வீடு கைமாறி இடிபட்டது; அபனீந்திரநாத்தும் ககனேந்திரநாத்தும் ஓவியம் தீட்டிய வீடு அது. அடுத்திருந்த 6ஆம் எண் வீடு நின்றது; இன்று அருங்காட்சியகமாக நாள்தோறும் மக்கள் வந்து பார்க்கிறார்கள். இடித்த வீட்டைத் திரும்பக் கட்ட யாராலும் முடியவில்லை.

இந்த வாரமே தொடங்குங்கள். மாநகராட்சியின் தரப்பட்டியலை எடுத்து, உங்கள் தெருவின் பெயரையும் வீட்டு எண்ணையும் தேடிப் பாருங்கள். இருந்தால் உங்கள் கடமையும் உரிமையும் என்னவென்று தெரிந்துவிடும். இல்லாவிட்டால், சேர்க்க வேண்டிய வீட்டின் வரலாற்றை எழுதும் வேலை உங்களுக்குக் காத்திருக்கிறது.